ஆல்புமின் குறைவாக இருந்தால் வலிப்பு மருந்தின் அளவை எப்படிப் பார்க்க வேண்டும்: அப்பாவுக்கு நடந்தது

வலிப்புக்காக ஃபெனிட்டோயின் சாப்பிடுகிற ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவருக்குச் சிறுநீரகக் கோளாறோ கல்லீரல் கோளாறோ கூடவே இருக்கிறதா, அல்லது பல நாளாகச் சாப்பாடு இறங்காமல் உடம்பு வற்றிப்போயிருக்கிறாரா? அப்படியென்றால் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃபெனிட்டோயின் என்பது டிலாண்டின் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த மருந்து. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து டோஸை ஏற்றுவதும் இறக்குவதும் வழக்கம். ஆனால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களுக்கு அந்த ரிப்போர்ட்டில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் அப்பா இவ்வளவு பட்டிருக்க மாட்டார்.

அப்பாவுக்கு 78 வயது. அம்மா இறந்த பிறகு சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு மூவறை வீட்டில் நானும் அவரும்தான். நான் ஒரே பிள்ளை, வேலைக்கும் போக வேண்டும், அவரையும் பார்க்க வேண்டும். அவருக்கு நீண்ட கால நீரிழிவு. அதனால் சிறுநீரகம் பழுதாகி, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டே இருந்தது. கால் இரண்டும் மாலைக்குள் வீங்கிவிடும். இதற்கு முன்னால் ஒருமுறை தலையில் ரத்தக்கசிவு வந்து, அதற்குப் பிறகு வலிப்பு வந்ததால் ஃபெனிட்டோயின் தொடங்கினார்கள். இரவில் 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல் மூன்று. அதில் வலிப்பு முழுமையாக அடங்கிவிட்டது. நன்றாக நடந்தார், காலையில் கீழே காப்பிக்கடைக்குப் போய் பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு கோப்பி ஓ கோசோங் குடித்துவிட்டு, தமிழ் முரசு வாங்கிக்கொண்டு வருவார்.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது ரத்தத்தில் ஃபெனிட்டோயின் அளவு லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்று வந்தது. இருக்க வேண்டிய அளவு 10 முதல் 20. பக்கத்திலேயே குறைவு என்று குறியும் போட்டிருந்தது. மருத்துவர் அப்பாவிடம் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான்தான் தினமும் கையில் எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். அப்படியானால் டோஸ் போதவில்லை, மறுபடி வலிப்பு வந்துவிடக் கூடாது என்று 300-ஐ 400 ஆக்கினார். வலிப்பு வரவே இல்லையே என்று நான் சொன்னேன். இருந்தாலும் அளவு இவ்வளவு குறைவாக இருப்பது நல்லதில்லை என்றார். பரிசோதனை முடிவுகள் கைபேசியில் வரும் ஹெல்த்ஹப் செயலியில், அதே மாதத்தில் சிறுநீரகப் பிரிவு எடுத்த இன்னொரு ரிப்போர்ட்டும் கிடந்தது. அதில் ஆல்புமின் லிட்டருக்கு 19 கிராம். நல்ல உடம்புக்கு 35-க்கு மேல் இருக்க வேண்டும். ஒரே மருத்துவமனை, இரண்டு பிரிவுகள். இந்த இரண்டு எண்களையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பகலில் தூங்க ஆரம்பித்தார். வயதாகிறது, மழைக்காலம் வேறு என்று நினைக்கிற அளவுக்குத்தான் இருந்தது. பிறகு பேச்சு இழுத்தது. ஒரு நாள் காலையில் கோப்பையைத் தட்டோடு தூக்கினார், தட்டும் கோப்பையும் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தம் வந்தது. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் ஊற்றிவிட்டது. "தலை சுத்துதும்மா, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றார். அறையிலிருந்து கழிவறைக்குப் போகச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். காலை அகட்டி வைத்து, கப்பலில் நடப்பவர் மாதிரி. வாந்தியும் வந்தது. அடுத்த நாள் விடியற்காலையில் கழிவறை வாசலில் விழுந்துவிட்டார். என்னால் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக், மலாய் அம்மா, ஓடிவந்து கை கொடுத்தார், நான் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தேன்.

அவசரப் பிரிவில் எல்லோருக்கும் முதலில் வந்த சந்தேகம் பக்கவாதம். அல்லது மறுபடி மூளையில் ரத்தக்கசிவு. உடனே சிடி ஸ்கேன் எடுத்தார்கள், புதிதாக ஒன்றுமில்லை. மருந்து அளவையும் பார்த்தார்கள். 15.2 என்று வந்தது. 10-க்கும் 20-க்கும் நடுவில், குறி எதுவும் இல்லை. "மருந்து அளவு நார்மல்தான், அதனால இது மருந்தால வந்தது இல்ல" என்று சொன்னார்கள். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. வார்டில் சேர்த்தார்கள். சிறுநீரில் கிருமி இருக்குமா என்று பார்த்தார்கள், எம்ஆர்ஐ-க்கு எழுதினார்கள், சர்க்கரையைப் பார்த்தார்கள், உப்பைப் பார்த்தார்கள். இதற்கெல்லாம் நடுவில் இரவு தோறும் அதே 400 மில்லிகிராம் போய்க்கொண்டே இருந்தது. அப்பா நாளுக்கு நாள் மந்தமானார். என் பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. விழுங்குவது பாதுகாப்பில்லை என்று மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தார்கள்.

அந்த நாட்களை என்னால் விவரித்துச் சொல்ல முடியாது. வேலை முடிந்து நேராக மருத்துவமனை, பார்வை நேரம் முடிந்த பிறகு வெளியே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீடு. ஏதோ புதுசாக மூளையில் வந்துவிட்டது, ஆள் தேறமாட்டார் என்றே மனதைத் தேற்றிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

வார்டில் மருந்துப் பட்டியலைச் சரிபார்க்க வந்த மருந்தாளர் ஒரு சின்னப் பெண், தமிழ்ப் பெண். நோயாளிப் பட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அக்கா, அப்பாவுக்கு டோஸ் எப்போ ஏத்துனாங்க? அதுக்கு முன்னால ஃபிட்ஸ் வந்துச்சா?" வரவே இல்லை என்றேன். "அவரோட ஆல்புமின் எவ்வளவுன்னு யாராவது சொன்னாங்களா?" செயலியைத் திறந்து 19-ஐக் காட்டினேன். அவசரப் பிரிவில் எடுத்ததில் 18. அவர் கைபேசியில் ஏதோ கணக்குப் போட்டார், முகம் மாறியது. பிறகு அப்பாவின் கண்ணுக்கு முன்னால் விரலை வைத்து, மெல்ல இடமும் வலமும் நகர்த்தினார். அப்பாவின் கண் விரலோடு போனது, ஓரத்தில் போய் நிற்க முடியாமல் டக் டக்கென்று துடித்துத் துடித்துத் திரும்பியது. "இதைப் பாருங்கக்கா, மருந்து அதிகமானா இப்படித்தான் கண்ணு ஆடும்" என்றார். நேராக மருத்துவரைத் தேடிப் போனார்.

அந்த மருந்தாளர் எனக்குப் புரியவைத்ததை என்னால் முடிந்த அளவு சொல்கிறேன். நல்ல உடம்பில், ரத்தத்தில் இருக்கும் ஃபெனிட்டோயினில் ஏறக்குறைய 90 சதவீதம் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மீதி 10 சதவீதம்தான் ஒட்டாமல் தனியாக இருக்கும். மூளைக்குள் போய் வலிப்பை அடக்குவதும் அதுதான், அதிகமானால் தலை சுற்றலும் தள்ளாட்டமும் கொண்டுவருவதும் அதுதான். ஆல்புமினைப் பேருந்து என்றும் மருந்தைப் பயணி என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னார். நூறு பேரில் தொண்ணூறு பேர் பேருந்தில், பத்துப் பேர் தெருவில். தெருவில் இருப்பவர்தான் வீட்டுக்குள் நுழைய முடியும். இப்போது பேருந்துகள் பாதியாகிவிட்டன. இறங்கியவர்கள் எல்லாம் தெருவுக்கு வருவார்கள், கல்லீரல் அந்தக் கூடுதல் ஆட்களை மெல்ல அகற்றிவிடும். கடைசியில் தெருவில் பழையபடி ஏறக்குறைய பத்துப் பேர், பேருந்தில் நாற்பத்தைந்து பேர். வழக்கமான ரத்தப் பரிசோதனை தெரு, பேருந்து என்று பிரிக்காமல் மொத்தமாக எண்ணி 55 என்று சொல்லும். நூறு இருக்க வேண்டிய இடத்தில் 55-தானே என்று இன்னும் ஆட்களை அனுப்பினால், ஏற்றிக்கொள்ளப் பேருந்து இல்லை. தெருவில்தான் கூட்டம் சேரும்.

அப்பாவின் 6.8 அப்படிப்பட்ட எண். அதைத் திருத்திப் பார்க்க ஒரு சூத்திரம் உண்டு. லூயிஸ் ஷைனர், தாமஸ் டோசர் என்ற இரு அமெரிக்க மருந்தியல் அறிஞர்கள் 1978-ல் எழுதியது, மருந்தாளர்கள் அவர்கள் பெயராலேயே சொல்கிறார்கள். ஆல்புமினை 0.2-ஆல் பெருக்கி, அதோடு 0.1 கூட்டி, வந்த எண்ணால் ரிப்போர்ட்டில் உள்ள மருந்து அளவை வகுக்க வேண்டும். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தச் சூத்திரத்தில் ஆல்புமின் டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று வர வேண்டும். எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் லிட்டருக்கு என்று இருந்தது. எனவே 19 என்பதை 1.9 ஆக்க வேண்டும். அப்படியே 19 என்று போட்டால் விடை தலைகீழாகிவிடும், இன்னும் குறைவாகத்தான் காட்டும். 1.9-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.38, 0.1 கூட்டினால் 0.48. 6.8-ஐ 0.48-ஆல் வகுத்தால் 14 சொச்சம். 10 முதல் 20-க்குள் அழகாக நடுவில் இருந்திருக்கிறார் மனிதர்! வலிப்பு வராமல் இருந்ததும் அதனால்தான். அவசரப் பிரிவில் நார்மல் என்று சொன்ன 15.2-ஐ ஆல்புமின் 1.8 வைத்துக் கணக்குப் போட்டால் 33. அந்த எண்ணைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. பொதுவாக 20-க்கு மேல் போனால் கண் ஆட ஆரம்பிக்கும், 30-க்கு மேல் தள்ளாட்டம், 40-க்கு மேல் குழப்பமும் மயக்கமும் என்று மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் முன்பின் இருக்கும், முதியவர்களுக்குக் குறைந்த அளவிலேயே வரலாம். அப்பா அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறியதை நான் வீட்டில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் அலகைப் பார்ப்பது இன்னொரு விதத்திலும் முக்கியம். சில இடங்களில் ஃபெனிட்டோயினை மில்லிகிராமில் தராமல் மைக்ரோமோலில் தருவார்கள். அதில் இருக்க வேண்டிய அளவு 40 முதல் 80. ஒரு மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்ட நான்கு மைக்ரோமோல் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எடுத்த ரிப்போர்ட்டையும் இங்கே எடுத்ததையும் ஒப்பிடுகிறவர்கள் பயந்துவிடவும் வேண்டாம், ஏமாந்துவிடவும் வேண்டாம். அலகைப் பார்த்துவிட்டு எண்ணைப் பாருங்கள்.

ஏன் வெறும் 100 மில்லிகிராம் கூட்டியதற்கு ஆள் இப்படிச் சாய்ந்தார் என்று நான் கேட்டேன். மூன்று கேப்ஸ்யூலை நான்காக்கினால் அளவும் மூன்றில் ஒரு பங்குதானே கூட வேண்டும்? இந்த மருந்து அப்படி நடக்காது. கல்லீரலுக்கு இதை உடைக்கும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. சிகிச்சை அளவுக்குள்ளேயே அந்த எல்லை நெருங்கிவிடும், அதன் பிறகு சின்ன டோஸ் கூடினாலும் ரத்தத்தில் அளவு தாவி ஏறும். அதனால்தான் மருந்தாளர்களிடம் ஒரு தோராய விதி இருக்கிறது: அளவு 7-க்குக் கீழே இருந்தால் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் வரை கூட்டலாம், 7 முதல் 12 வரை என்றால் 50, 12-க்கு மேல் 30. அப்பாவின் 6.8-ஐ மட்டும் பார்த்தால் 100 கூட்டியது விதிப்படி சரி. திருத்திய 14-ஐப் பார்த்தால், வலிப்பே இல்லாதவருக்கு ஒன்றுமே கூட்டியிருக்க வேண்டாம். இதுதான் என் ஆதங்கம் முழுவதும். அந்த மருத்துவர் அக்கறையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் குறி போடும் இயந்திரத்துக்கு ஆல்புமின் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் மனிதர்கள். ஒரு மருந்து அளவுக்கு எழுதும்போதே கூட ஆல்புமினுக்கும் எழுதுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

மருத்துவர் அன்றிரவே ஃபெனிட்டோயினை நிறுத்தி வைத்தார். சூத்திரம் ஒரு மதிப்பீடுதான், முதியவர்களிடமும் தீவிர சிகிச்சையில் இருப்பவர்களிடமும் அது பிசகலாம், சிலர் 0.2-க்குப் பதில் 0.25 போட்டுக்கூடக் கணக்கிடுகிறார்கள் என்று விளக்கினார். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஆல்புமினோடு ஒட்டாத மருந்தை மட்டும் தனியாக அளக்கும் பரிசோதனை உண்டு. அதில் இருக்க வேண்டிய அளவு லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம். அதற்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரச் சில நாள் ஆனது, 3.4 என்று வந்தது. சூத்திரம் சொன்னதும் இதுவும் ஒத்துப்போயின. அதனால் உங்கள் வீட்டில் ஆல்புமின் குறைந்தவர் இருந்தால், "ஒட்டாத அளவைத் தனியாகப் பார்க்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். தாமதமாகும், கூடுதல் செலவாகும் என்று சொல்லலாம். அதுவரை திருத்திய கணக்கையாவது ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, சிறுநீரகம் கிட்டத்தட்ட முழுவதும் செயலிழந்தவர்களுக்குச் சூத்திரமே வேறு, 0.2-க்குப் பதில் 0.1 போடுவார்கள். ரத்தத்தில் சேரும் கழிவுகளும் மருந்தை ஆல்புமினிலிருந்து தள்ளிவிடுமாம். அப்பா அந்த நிலைக்கு வரவில்லை. டயாலிசிஸ் செய்கிறவர்கள் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். ஆல்புமினும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர்களுக்கு இந்தத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

தெளிவு உடனே வரவில்லை. அளவு மிக அதிகமாக இருக்கும்போது கல்லீரல் மெதுவாகத்தான் இறக்கும் என்று முன்பே எச்சரித்தார்கள். ஒவ்வொரு நாளும் விரலைக் காட்டிக் கண்ணைப் பார்ப்பேன். பேச்சு முதலில் திரும்பியது. "வீட்டுக்குப் போலாம்மா" என்று முழு வாக்கியமாகச் சொன்னபோது எனக்குக் கால் நிற்கவில்லை. நடைதான் கடைசியில் வந்தது. அதற்குள் படுக்கையிலேயே கிடந்து தொடைத் தசை எல்லாம் கரைந்துவிட்டது. அங்கிருந்து சமூக மருத்துவமனைக்கு மாற்றி, பல வாரம் இயன்மருத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். மறுபடி நடக்கிறார், ஆனால் கம்பு ஊன்றித்தான். காப்பிக்கடைக்கு இப்போது நானும் கூடப் போக வேண்டும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அரசாங்க மானியம், மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு எல்லாம் போக, இரண்டு மருத்துவமனைக்கும் சேர்த்து என் கையிலிருந்து போனது மூவாயிரம் வெள்ளிக்குப் பக்கம். ஆண்டு விடுப்பு தீர்ந்து சம்பளமில்லா விடுப்பு எடுத்ததில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போயிற்று. பிறகு பகலில் பார்த்துக்கொள்ளப் பணிப்பெண் வைத்தேன், அது மாதாமாதம் வரும் செலவு. மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள், யாரும் அழைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்க வழிகாட்டியதும், கழிவறையில் கைப்பிடிக் கம்பி போட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தில் குறைந்த காசில் முடியும் என்று சொன்னதும் அவர்தான்.

குழாய் வழியாகப் பால் கொடுத்த நாட்களில் இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். ஃபெனிட்டோயின் சிரப்பைக் குழாயில் கொடுக்கும்போது பாலோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் பாலை நிறுத்த வேண்டும். பாலை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாலும், குழாயை எடுத்துவிட்டாலும் ரத்தத்தில் மருந்தின் அளவு மாறும். வீட்டில் குழாயோடு ஆளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தாதியிடம் நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிரப் புட்டியை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே தண்ணீரும் அடியில் மருந்தும் தங்கி, புட்டி தொடங்கும்போது குறைவாகவும் முடியும்போது அதிகமாகவும் போகும். டோஸ் மாற்றினால் அடுத்த நாளே ரத்தம் எடுத்துப் பயனில்லை, அளவு நிலைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. ரத்தம் எடுப்பதும் அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் இருந்தால்தான் ஒப்பிட வசதி. ஆனால் தள்ளாட்டம், கண் ஆட்டம், இரட்டைப் பார்வை வந்தால் நேரம் பார்க்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.

கூட வேறு என்ன சாப்பிடுகிறார் என்பதையும் முழுதாகச் சொல்ல வேண்டும். வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், அது ஃபெனிட்டோயினை ஆல்புமினிலிருந்து தள்ளவும் செய்யும், உடைவதைத் தடுக்கவும் செய்யும். அப்போது மொத்த அளவு இன்னும் நம்ப முடியாததாகிவிடும். வால்புரோயேட்டுக்கும் ஆல்புமின் குறைந்தால் இதே சிக்கல் உண்டு, அதற்கு இப்படி நம்பிப் போடக்கூடிய சூத்திரம் கிடையாது, ஒட்டாத அளவைத்தான் பார்க்க வேண்டும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல், காசநோய்க்கான ஐசோனியசிட், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் எல்லாம் ஃபெனிட்டோயினை ஏற்றிவிடக்கூடியவை. நம்மவர்கள் தேக்கா கடைகளில் வாங்குகிற நாட்டு மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஞாபகசக்திக்கு என்று கொடுக்கும் சங்கபுஷ்பி மருந்து ஃபெனிட்டோயின் அளவைக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்பக் கொண்டுவந்ததை இந்தியாவில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மிளகில் உள்ள பைப்பரின் அதற்கு எதிராக அளவை ஏற்றக்கூடியது. ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம், திரிகடுகச் சூரணம் மாதிரி மருந்தாகச் சாப்பிடுவதைத்தான் சொல்கிறேன்.

எதைப் படித்தாலும், எந்தக் கணக்கைப் போட்டாலும், நீங்களாக ஒரு கேப்ஸ்யூலைக்கூடக் குறைக்காதீர்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்பாவுக்கு நிறுத்தியது வார்டில், கண்காணிப்பில், அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு. அளவு இறங்கிய பிறகு 300-லேயே மறுபடி தொடங்கினார்கள். அதற்கப்புறம் வெளிநோயாளி மருத்துவர், ஆல்புமின் இப்படியேதான் இருக்கப்போகிறது, இந்த மருந்தோடு மல்லாட வேண்டாம் என்று லெவடிரசிட்டாம் என்ற வேறொரு வலிப்பு மருந்துக்கு மெல்ல மெல்ல மாற்றினார். அது ஆல்புமினோடு பத்து சதவீதம்கூட ஒட்டாது. ஆனால் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் அப்பாவின் சிறுநீரகத்துக்கு ஏற்ப டோஸைக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். கார்பமசெபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைப் பற்றியும் பேச்சு வந்தது. அதைத் தொடங்குவதற்கு முன் எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணுப் பரிசோதனை செய்வது சிங்கப்பூரில் 2013 முதல் வழக்கம். அந்த மரபணு உள்ளவர்களுக்குத் தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமை வரக்கூடும். சீனர், மலாய்க்காரருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், இந்தியர்களிடமும் அந்த மரபணு உண்டு.

இப்போது அப்பாவின் ஃபைலில் முதல் பக்கமாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், பத்தி போட்டு எழுதுவது எனக்குக் கைவந்தது. தேதி, மருந்து, டோஸ், ரத்தத்தில் அளவு, அன்றைய ஆல்புமின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், கடைசியாக வலிப்பு வந்த நாள், நடை எப்படி இருந்தது. எந்தப் பிரிவுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் அதைத்தான் மேசையில் வைப்பேன். மருத்துவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை, சிலர் அதைப் படமெடுத்துக்கொண்டார்கள். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்-அடையாளத்தின் வழியாக ஹெல்த்ஹப்பில் உங்களைப் பராமரிப்பாளராகச் சேர்த்துக்கொண்டால் பெற்றோரின் ரிப்போர்ட்டுகள் உங்கள் கைபேசியிலேயே வரும். அவர்கள் தெளிவாக இருக்கும்போதே, அவர்கள் சம்மதத்தோடு இதைச் செய்துவிடுங்கள். அடுத்த முறை ஃபெனிட்டோயின் அளவுக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது, ஊசி குத்துவதற்கு முன்பே கேளுங்கள்: "இதே ரத்தத்தில் ஆல்புமினும் பார்க்கிறீர்களா?"